ஃபர்னஸ் பார்க்கும் படலம்

பேஸ்மென்ட்டில், வீட்டைச் சூடாக்கும் புது ஃபர்னஸ் பற்றிக்கொண்டது. உள்ளே நீலச்சுடர்கள் வரிசைகட்டி நின்றன. நெஸ்டர் ஹவ்ரிலுக் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு, "அப்படிப் போடு" என்றார். அவர் வாயை மூடுவதற்குள் சுடர் பொசுக்கென்று அணைந்தது.

காலையிலிருந்து இதே கூத்து. பற்றும், ஒரு மூச்சு எரியும், அணையும். ஏதோ யோசனை செய்வதுபோலச் சும்மா இருக்கும். மறுபடி பற்றும், மறுபடி அணையும். ஃபர்னஸைச் சோதிக்க இன்ஸ்பெக்டர் வருகிற நாளாகப் பார்த்து இது நடந்துகொண்டிருந்தது.

மாடிப்படியின் உச்சியில் வெர்னா நின்றாள். வீட்டுக்குள்ளேயே கோட்டு, கழுத்தில் சால்வை, நெற்றியில் ஒரு கை.

"என்ன, உங்க வீரப்பிள்ளை எழுந்துட்டானா?"

"எழுந்துக்கிட்டேதான் இருக்கான்."

"எழுந்து எழுந்து படுத்துக்கிறான்னு சொல்லுங்க. எனக்குத் தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. வாரம் முழுக்க இதே தலைவலி. என் அண்ணனுக்கு ஒரு போன் போட்டா வந்து கையோட முடிச்சுக் கொடுத்துட்டுப் போவார். லைசென்ஸ் வெச்சிருக்கிற மனுஷன்."

"லைசென்ஸ் இந்த ஊர்ல நாய்க்குக்கூடத்தான் இருக்கு."

"நாய் இந்த நேரத்துக்கு வீட்டைச் சூடு பண்ணியிருக்கும்" என்று சொல்லிவிட்டு, வெர்னா மாதா கோயில் கூடத்துக்குப் புறப்பட்டாள். வெள்ளிக்கிழமை தோறும் அங்கே பெண்கள் கூடிப் பெரோகிக் கொழுக்கட்டை பிடிப்பார்கள். கதவு சாத்தும்போது, "அந்த அலாரத்து வாயையாவது அடைச்சீங்களே, புண்ணியம்" என்ற குரல் கேட்டது.

வீட்டுக் கூடத்துச் சுவரில் இருந்த விஷவாயு அலாரத்தைத்தான் சொன்னாள். பழைய ஃபர்னஸைக் கழற்றிய நாளிலிருந்து அது நேரங்கெட்ட நேரத்தில் வீல் வீலென்று கத்தியது. "பழசாயிடுச்சு, புத்தி பேதலிச்சுக் கத்துது" என்று நெஸ்டர் அதன் பேட்டரியைப் பிடுங்கிச் சமையலறை இழுப்பறையில் போட்டுவிட்டார்.

நெஸ்டரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். கனடாவில், யார்க்டனுக்கு வடக்கே அந்தச் சின்ன ஊரில் தானியக் கிடங்கின் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் வீட்டுக்குள் கூலிக்கு ஒரு ஆளைக் கூப்பிட்டதே இல்லை என்பது அவருக்குப் பரம்பரைச் சொத்துமாதிரி. கூரை அவர் வேய்ந்தது. கிணறு அவர் தோண்டியது. ஒரு தடவை பனிப்புயலில் பல் மருத்துவரிடம் போக முடியாமல் தன் கடைவாய்ப் பல்லைத் தானே பிடுங்கிக்கொண்டார். அதையும் வந்தவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினார். பொட்டாஷ் சுரங்கத்தில் வேலை பார்க்கும் மகன் மார்க்கியன், "எங்கப்பா செத்தாக்கூடப் பெட்டியை அவரே உள்ளேயிருந்து ஆணியடிச்சுக்குவார்" என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தான்.

பழைய ஃபர்னஸின் வயிறு வெடித்துவிட்டது என்று தெரிந்ததும், வெர்னாவின் அண்ணன் தாராஸ் கேட்காமலே வந்து, "நான் மாட்டித் தரேன், மச்சான்" என்றான். தாராஸ் காஸ் வேலையில் லைசென்ஸ் வாங்கியவன். அதனாலேயே நெஸ்டருக்கு ஆகாது. சொந்த வீட்டில் சொந்தக்காரனே மாட்டிக்கொள்ளலாம், முறையாக அனுமதி வாங்கி, இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துச் சரி என்று சொன்னால் போதும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார். புது ஃபர்னஸ் வந்து இறங்கியது. வாரம் முழுக்க மின்சார அடுப்புகளை வைத்துக்கொண்டு, கதவிடுக்கில் துணி செருகி, நடுங்கியபடியே வேலை நடந்தது. காஸ் குழாயின் இணைப்புகளில் சோப்புநீர் பூசிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். ஒரு குமிழி வரவில்லை. கடிதம் கொண்டுவந்த தபால்காரரையும், ஆசீர்வாதம் செய்ய வந்த பாதிரியாரையும் பேஸ்மென்ட்டுக்கு இழுத்துப்போய் அந்தக் குமிழி வராத இணைப்புகளைக் காட்டினார்.

இப்போது இது அணைந்து அணைந்து மானத்தை வாங்கியது.

நெஸ்டர் மின்சாரப் பெட்டியில் ஃபர்னஸுக்கான இணைப்பை அணைத்தார். படியோரம் இருந்த ஸ்விட்ச் பெட்டியைத் திறந்து, கரன்ட் இல்லை என்று சோதித்துக்கொண்டு, டார்ச் அடித்துப் பார்த்தார். பார்த்தவர் தலையில் தட்டிக்கொண்டார். கறுப்பு வயரும் வெள்ளை வயரும் இடம் மாறியிருந்தன. அன்றைக்குப் பாதிரியாருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டே மாட்டியது அது.

ஒரு பல்புக்கு இப்படி மாறினாலும் வித்தியாசம் தெரியாது. ஃபர்னஸ் அப்படி இல்லை. சுடர் எரிகிறதா என்று காவல் காக்கும் கண் ஒன்று அதற்கு உண்டு. வயர் மாறினால் அந்தக் கண் குருடாகிவிடும். எதிரே சுடர் எரியும்போதே, "எரியவில்லை" என்று சத்தியம் செய்து காஸை மூடிவிடும். நெஸ்டர் வயர்களை மாற்றி மாட்டினார். பச்சை வயரையும் இழுத்துப் பார்த்து ஒரு திருகு கூட முறுக்கினார். ஸ்விட்சைப் போட்டார்.

சுடர் பற்றியது. நின்றது. நின்றுகொண்டே இருந்தது. காற்றாடி சுழன்றது. மேலே அறைகளுக்குள் சூடு போகும் ஓசை கேட்டது. நெஸ்டர் தேசிய கீதம் பாடும்போது நிற்பதுபோல விறைப்பாக நின்றார்.

காட்டுவதற்குத்தான் ஒரு ஆள் இல்லை.

உச்சிப்பொழுது தாண்டியதும் பக்கவாட்டுக் கதவில் மணி அடித்தது. நெஸ்டர் சட்டையை உள்ளே செருகிக்கொண்டு ஓடிப்போய்த் திறந்தார். தோளில் பெரிய பையோடு ஒரு இளம்பெண். கம்பளித் தொப்பியில் பனித்தூள். ஒரு கையால் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சுக்கோங்க. கொஞ்சம் சீக்கிரமே வந்துட்டேன்."

"சீக்கிரமா! காலையிலேர்ந்து உங்களுக்காகத்தானே காத்துக்கிட்டிருக்கேன்."

அவள் முகம் மலர்ந்துபோயிற்று. "எனக்காகவா? நான் வர்றது உங்களுக்குத் தெரியாதுன்னு நினைச்சேனே."

"அதெப்படித் தெரியாம இருக்கும்? போன வாரமே போன்ல சொல்லிட்டாங்களே."

"சொல்லிட்டாங்களா!" அவள் சிரித்துவிட்டாள். "நான் லீசெல்..."

"தெரியும், தெரியும். இந்தக் குளிர்ல வேற யாரு வருவா? உள்ள வாங்க, மேடம்."

"மேடம் எல்லாம் வேண்டாங்க. சங்கடமா இருக்கு."

"மரியாதை மரியாதைதான். கால்ல என்ன?"

"உங்க படியில வழுக்கி விழுந்துட்டேன். ஒரே ஆவி. படி எங்கே, தரை எங்கேன்னே தெரியல. எல்லாம் கண்ணாடி மாதிரி உறைஞ்சு கிடக்கு."

நெஸ்டருக்குத் திக்கென்றது. எட்டிப் பார்த்தார். ஃபர்னஸின் புகைக்குழாய் படிக்கு நேர் மேலே வாயை வைத்துக்கொண்டு ஆவி கக்கியது. காலையிலிருந்து ஓடி ஓடி, சொட்டிய தண்ணீர் படியெல்லாம் ஐஸாகிப் பளபளத்தது. ஃபர்னஸ் ஓடாதவரை இந்த வம்பு இல்லை.

வீட்டுக்குள் கால் வைக்கும் முன்பே ஒரு குற்றம் கண்டுபிடித்துவிட்டாள். பெரிய கைகாரி.

"ஒரு நிமிஷம், மேடம். இதை மனசுல வெச்சுக்காதீங்க!" என்று வெறும் சட்டையோடு வெளியே பாய்ந்தார். குழாயின் கடைசி வளைவை அவர் இன்னும் பசை போட்டு ஒட்டியிருக்கவில்லை. அதைப் பிடித்து ஒரு திருகு திருகிப் படிக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வைத்தார். ஆவி அந்தப் பக்கம் போயிற்று. படியில் உப்பை அள்ளி வீசினார். காது சிவக்க உள்ளே வந்து, "முடிஞ்சுது" என்றார்.

"எனக்காகப் போய் இவ்வளவு சிரமப்படறீங்களே."

"உங்களுக்காக இல்லாம யாருக்காக? வாங்க, கீழே போவோம்."

"நேரா கீழேயேவா?" என்று கேட்டவள், எதையோ நினைத்துக்கொண்டு புன்னகைத்தாள். "சரி, வாங்க. அதுக்குத் தயாராத்தான் வந்திருக்கேன்."

கீழே நெஸ்டர் தன் பிரசங்கத்தை ஆரம்பித்தார். இதோ இது வெளிக்காற்றை இழுக்கும் குழாய், இது எரிந்த புகையை வெளியே தள்ளும் குழாய், இது ஸ்விட்ச், இது பச்சை வயர். அவள் ஒவ்வொன்றையும் கண்ணை அகலத் திறந்து பார்த்தாள், தலையாட்டினாள். ஒன்றையும் எழுதிக்கொள்ளவில்லை. எழுதிக்கொள்கிற இன்ஸ்பெக்டரைவிட மனசில் வைத்துக்கொள்கிறவர் பொல்லாதவர் என்று நெஸ்டர் கணக்குப் போட்டார்.

பேச்சைச் சுமுகமாக்கப் பார்த்தார். "இந்த வேலையில ரொம்ப நாளா இருக்கீங்களா?"

"மூணு வருஷமாச்சு."

"நிறையப் பேரைப் பார்த்திருப்பீங்க."

"ஒரு நாளைக்கு இருபது பேரு! சமாளிக்கவே முடியாது. பாதிப் பேரு அழுவாங்க. போன வாரம் ஒருத்தன் கையைக் கடிச்சுட்டான்."

"கடிச்சுட்டானா!"

"பாருங்க" என்று மணிக்கட்டைக் காட்டினாள். பல் பதிந்த தடம் இருந்தது. "திட்டக்கூடாது. மூக்கைத் துடைச்சுவிட்டு, கொஞ்ச நேரம் மூலையில உட்கார வெச்சா அடங்கிடுவாங்க."

நெஸ்டர் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சஸ்காட்செவன் மாகாணத்து வீட்டுக்காரர்கள் இந்தக் கதிக்கு வந்துவிட்டார்களா? தாம் என்ன ஆனாலும் அழப்போவதில்லை என்று முடிவு செய்துகொண்டார்.

"நான் ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் அவள் தயங்கி. "இங்க வர்ற எல்லாரையும் இப்படித்தான் கீழே கூட்டிட்டு வருவீங்களா?"

"நீங்கதான் முதல் ஆள், மேடம். நீங்க சரிப்பட்டு வரலேன்னா அடுத்து ஒருத்தரை அனுப்புவாங்கன்னு கேள்வி."

அவள் முகம் வெளிறிப்போயிற்று. "அடுத்து ஒருத்தரா? வேற யாரு?"

"யாருக்குத் தெரியும்? எனக்கு உங்களையே பிடிச்சிருக்கு. உங்களோடயே முடிஞ்சுட்டா நல்லது."

"எனக்கும் அதுதாங்க ஆசை" என்றாள் அவள் உருக்கமாக. பிறகு, பயத்தை மறைக்கவோ என்னவோ, கூரையைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள். "இந்தக் குழாய்க்குள்ள ஏதோ குடுகுடுங்குதே. உள்ள மீன் வளர்க்கறீங்களா?"

குத்தல்! நெஸ்டர் காது கொடுத்துக் கேட்டார். புகைக்குழாய் நடுவில் தொய்ந்திருந்தது. இந்தப் புது மாதிரி ஃபர்னஸின் புகையில் ஈரம் அதிகம். குழாய்க்குள் தண்ணீராக ஊறும். அது வழிந்து ஃபர்னஸுக்கே திரும்பி, அடியில் உள்ள வடிகுழாய் வழியாக வெளியேற வேண்டும். அதற்காகக் குழாய் வெளிச்சுவரிலிருந்து ஃபர்னஸை நோக்கிச் சரிந்தே வர வேண்டும். நடுவில் தொய்ந்தால் குட்டைபோல் தேங்கும்.

"இதோ சரி பண்ணிடறேன்" என்று முக்காலியில் ஏறிக் குழாயைத் தாங்கும் பட்டையை ஒரே இழுப்பாக இழுத்து மேலே தூக்கிக் கட்டினார். தேங்கியிருந்த தண்ணீர் விடுதலை கிடைத்த குஷியில் தடதடவென்று ஃபர்னஸை நோக்கி ஓடியது. அங்கே வடிகுழாயை அவர் செருகியிருந்தாரே தவிர, கவ்வி போட்டு இறுக்கியிருக்கவில்லை. குழாய் டப்பென்று வாயைப் பிளந்தது. அவ்வளவு தண்ணீரும் இன்ஸ்பெக்டரின் பாதத்தில்.

"ஐயோ!" என்று குதித்தவள், அடுத்த கணம் விழுந்து விழுந்து சிரித்தாள்.

நெஸ்டர் சிரிக்கவில்லை. கவ்வியைப் போட்டு இறுக்கினார். ஓடிப்போய்த் தன் சிவப்புக் கம்பளிக் காலுறைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். அவை அவள் முழங்கால்வரை ஏறின. அந்தக் கோலத்தில் ஒரு அரசாங்க அதிகாரி தன் பேஸ்மென்ட்டில் நிற்பதைப் பார்க்க அவருக்கே பாவமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஃபர்னஸ் இருமத் தொடங்கியது. சுடர் நடுங்கியது. ஒரு விக்கல், இன்னொரு விக்கல், அப்புறம் நின்றேவிட்டது.

"இதுக்கு என்ன ஆச்சு? சளி பிடிச்சுடுச்சா?" என்றாள் அவள் அக்கறையாக.

நெஸ்டர் மறுபடி வெளியே ஓடினார். காற்றை இழுக்கும் குழாயின் வாயில் வெள்ளை வெளேரென்று உறைபனி தாடி வளர்ந்திருந்தது. படியைக் காப்பாற்றுவதற்காகத் திருப்பிய புகைக்குழாய் நேராக அதன் முகத்தில் ஊதிக்கொண்டிருந்தது. ஃபர்னஸ் தான் விட்ட மூச்சையே தான் இழுத்து, மூச்சுமுட்டிச் செத்திருந்தது.

இந்தத் தடவை அவர் அவசரப்படவில்லை. ஏணி கொண்டுவந்தார். கூடவே நீளமான குழாயும், பசையும். அவள் சொல்லாமலே வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க உள்ள போங்க, மேடம். உறைஞ்சுடுவீங்க."

"ஏணியை யாரு பிடிப்பா? எங்கப்பாவும் இப்படித்தான். ஏறிட்டா இறங்கவே மாட்டார். எங்கம்மா ஏணியைப் பிடிச்சுப் பிடிச்சே வயசாகிப்போனாங்க."

புகைக்குழாயைப் படியிலிருந்து தள்ளி, ஜன்னல்களுக்கு எட்டாமல், எவ்வளவு பனி குவிந்தாலும் மூடாத உயரத்துக்குத் தூக்கி நிறுத்தினார். காற்றுக்குழாயை அதற்குக் கீழே விலக்கி, வாயைத் தரைப்பக்கம் பார்க்க வைத்தார். பசை போட்டு ஒட்டினார். கீழே வந்து ஸ்விட்சைப் போட்டதும் ஃபர்னஸ் பூனைபோல மெல்ல உறுமிக்கொண்டு ஓடியது. குடுகுடு இல்லை, இருமல் இல்லை. வடிகுழாயில் துளித்துளியாகத் தண்ணீர் ஒழுங்காகச் சொட்டியது.

"அழகா இருக்கு" என்றாள் அவள். வாய்ச்சொல்லுக்காகச் சொன்னமாதிரி இல்லை. "வேற யாராவது ஆள் வெச்சுப் பண்ணியிருந்தா இவ்வளவு ஆசையாப் பண்ணியிருக்க மாட்டாங்க."

நெஸ்டருக்கு நெஞ்சு ரெண்டு அங்குலம் விரிந்தது. அவளை மேலே கூட்டிப்போய், முட்டைக்கோஸ் சுருளையும் புளிப்புப் பாலாடையையும் தட்டில் வைத்தார். வைத்துவிட்டுப் பதறினார். "தப்பா எடுத்துக்காதீங்க. இது லஞ்சம் இல்ல. லஞ்ச்தான்."

அவள் ஒரு தட்டை முடித்து இன்னொரு தட்டும் வாங்கிக்கொண்டாள். "இதை எப்படிப் பண்றதுன்னு வெர்னா அம்மாகிட்ட கத்துக்கணும்" என்றாள். வீட்டுக்காரி பெயர்கூட விசாரித்து வைத்திருக்கிறார்களே என்று நெஸ்டர் வியந்தார்.

வெந்நீரைத் திறந்துவிட்டுப் பாத்திரங்களைக் கழுவினாள். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. கழுவி முடித்துவிட்டு, "என் காலுறை காய்ஞ்சிருக்குமா?" என்று கீழே இறங்கினாள். நெஸ்டரும் பின்னாலேயே போனார். அவருக்கு ஃபர்னஸை இன்னொரு முறை பார்க்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

பேஸ்மென்ட்டின் ஒரே நல்ல விளக்கு, காஸில் எரியும் வெந்நீர் டேங்குக்கு மேலே தொங்கியது. அவள் பையிலிருந்து கைக்கண்ணாடியை எடுத்து, டேங்கின் தலைப்பக்கம் சாய்ந்து நின்றுகொண்டாள். "தலையெல்லாம் குழாய்த் தூள். எல்லாரும் வர்றதுக்குள்ள கொஞ்சம் மனுஷியா..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். கண்ணாடியைத் துடைத்தாள். மறுபடி பிடித்தாள். மறுபடி துடைத்தாள்.

"இது ஏன் மூச்சு விடுது?"

"எது?"

"இந்த டேங்க். பாருங்க, கண்ணாடி மங்கிக்கிட்டே இருக்கு."

நெஸ்டர் பார்த்தார். டேங்கின் உச்சியில், புகைக்குழாய் ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு குடை உண்டு. அதைச் சுற்றியுள்ள இடைவெளி வழியாக அறைக்காற்று உள்ளே போக வேண்டும். உள்ளிருந்து எதுவும் வெளியே வரக்கூடாது. அவர் கையை நீட்டினார். வெதுவெதுவென்று ஈரக்காற்று விரல்களில் பட்டது. உள்ளிருந்து வெளியே.

அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

இத்தனை வருஷமாகப் பழைய ஃபர்னஸும் வெந்நீர் டேங்கும் ஒரே செங்கல் புகைபோக்கியைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தன. பெரியவன் சூடேற்றி வைத்த பாதையில் சின்னவனின் புகையும் தொற்றிக்கொண்டு ஏறிப்போயிற்று. பெரியவனைக் கழற்றியாயிற்று; புது ஃபர்னஸுக்குத் தனிக்குழாய். அந்த அகலமான, குளிர்ந்து கிடக்கும் புகைபோக்கியில் சின்னவனுக்குத் தனியாக ஏறத் தெம்பில்லை. பாதி வழியில் திரும்பி வீட்டுக்குள்ளேயே இறங்கிக்கொண்டிருந்தது. நிறமில்லாத, வாசனையில்லாத விஷம். கதவிடுக்கில் எல்லாம் துணி வேறு.

வாரம் முழுக்க வெர்னாவுக்குத் தலைவலி.

அவர் டேங்கின் காஸை மூடினார். ஃபர்னஸையும் அணைத்தார். "மேல! வெளிய! பூட்ஸை மாட்டிக்கிட்டு ஓடுங்க!" சமையலறையைத் தாண்டும்போது இழுப்பறையைத் திறந்து பேட்டரியை எடுத்து அலாரத்தில் செருகினார். ஒரு வாரத்துக்குச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் அது ஒரேயடியாகக் கத்தித் தீர்த்தது. முன்கதவையும் பக்கவாட்டுக் கதவையும் விரியத் திறந்துபோட்டுவிட்டு இருவரும் அவளுடைய காருக்குள் போய் உட்கார்ந்தார்கள்.

நெஸ்டர் கோயில் கூடத்துக்குப் போன் போட்டார். "தலைவலி எப்படி இருக்கு?"

"என்னிக்கும் கேக்காத கேள்வி!" என்றாள் வெர்னா. "இங்க வந்து உட்கார்ந்ததும் போயே போச்சு. உங்க முகத்தைப் பார்க்கலேன்னாலே சரியாகிடும்போல. ஏன்?"

 "அங்கேயே இரு. நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த போனுக்கு விரல் கொஞ்சம் தயங்கியது. பிறகு போட்டார்.

"தாராஸா? நெஸ்டர் பேசறேன்."

 "வெர்னாவுக்கு என்ன ஆச்சு?" என்றான் தாராஸ். நெஸ்டர் தனக்குப் போன் செய்ய வேறு காரணம் எதுவும் அவனுக்குத் தோன்றவில்லை.

"ஒண்ணும் ஆகல. ஆகியிருக்கும். வெந்நீர் டேங்க் புகையை உள்ளேயே விடுது, மச்சான். அந்தப் பெரிய புகைபோக்கியில தனியா ஏற மாட்டேங்குது. நான் அதை யோசிக்கவே இல்ல. உன் அளக்கிற கருவியை எடுத்துக்கிட்டு வா."

"வெளியதானே இருக்கே?"

"வெளியதான்."

"நான் வர்ற வரைக்கும் உள்ள கால் வைக்காதே. புகைபோக்கிக்குள்ள சின்னக் குழாய் ஒண்ணு இறக்கிட்டா ஒழுங்கா ஏறிடும், பார்த்துக்கலாம். வெர்னாவையும் உன்னையும் டாக்டர்கிட்ட காட்டிடணும். இதோ கிளம்பிட்டேன்."

தாராஸ் சிரிப்பான், குத்திக்காட்டுவான் என்று எதிர்பார்த்திருந்தார். அவன் எதுவும் செய்யவில்லை. அதுதான் நெஸ்டருக்குத் தாங்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அழுவதில்லை என்ற தீர்மானம் காப்பாற்றப்பட்டதா என்பது கார்க் கண்ணாடிக்குத்தான் தெரியும். பக்கத்திலிருந்து ஒரு கைக்குட்டை நீண்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டார். முதுகில் மெல்ல இரண்டு தட்டு விழுந்தது. உண்மையாகவே அடங்கியது.

"மேடம்," என்றார். "நான் என் கையைத் தவிர வேற யாரையும் நம்பாம வளர்ந்தவன். குழாயைப் பார்த்தேன், வயரைப் பார்த்தேன், கண்ணுக்கு முன்னால நின்ன டேங்கைப் பார்க்கல. நீங்க எந்தக் கருவியும் இல்லாம ஒரு கைக்கண்ணாடியை வெச்சு என் பொண்டாட்டி உயிரைக் காப்பாத்திட்டீங்க."

"ஐயோ, நான் என்னங்க பண்ணேன்? தலை வாரிக்கத்தான்..."

"அடக்கம்! அதுதான் பெரியவங்க லட்சணம். உங்களைப் பெத்தவங்களுக்கு எவ்வளவு பெருமையா இருக்கும்! எனக்கே இருக்கே. சொந்தப் பொண்ணு ஜெயிச்சமாதிரி மார் விம்முது. இனிமே இந்த வீட்டுக்கு வர்றவங்களுக்கெல்லாம் நான் ஃபர்னஸைக் காட்ட மாட்டேன். உங்களைப் பத்தித்தான் சொல்லுவேன்."

அவள் காதுவரைக்கும் சிவந்துபோய் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கால்வரை ஏறிய சிவப்புக் காலுறைகளை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"இப்போ ஒளிக்காமச் சொல்லுங்க" என்று நெஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எதுவானாலும் தாங்கிக்கிறேன். பாஸா, ஃபெயிலா?"

அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அதை நீங்கதானே சொல்லணும், மாமா? உங்க மார்க்கியனைக் கட்டிக்கிறதுக்கு நான் பாஸா, ஃபெயிலா?"